யாருடைய கால் மிதிக்கிறது? திருப்பூரில் நான் கார் பழகிய இரண்டு பள்ளிகள்

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிகளுக்குத் திருப்பூரில் பஞ்சமில்லை. அவற்றில் இரண்டில் பணம் கட்டிப் பழகியிருக்கிறேன். முதலாவதில் 15 நாள், இரண்டாவதில் 21 நாள். நாற்பதைத் தாண்டிய பிறகு முதன்முதலாக ஸ்டியரிங்கைப் பிடிக்க நினைக்கும் பெண்களுக்கு உதவும் என்று நம்பி இரண்டைப் பற்றியும் எழுதுகிறேன்.

பள்ளிகளின் பெயரை எழுதவில்லை. முதலாவது பள்ளியின் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அதே மாதிரி கற்றுத்தரும் வேறு இடங்களைப் பற்றியும் என்னோடு வேலை செய்த பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் பிடித்து நிறுத்துவது நியாயமில்லை. இரண்டாவது பள்ளி ஒரே கார், ஒரே ஆசிரியர். ஒரு நாளில் ஆறு பேருக்கு மேல் அவரால் முடியாது. பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

எனக்கு 46 வயது. பதினேழு வயதில் பனியன் கம்பெனியில் கைமடிக்க, அதாவது டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்க, சேர்ந்தேன். பிறகு பவர் டேபிளில், அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மெஷினில், டெய்லராக இருபது வருடம் உட்கார்ந்தேன். இப்போது வீட்டு மாடியில் ஆறு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறேன். கார் என் மகன் வாங்கியது, பழைய வேகன் ஆர். அவன் ஓசூரில் வேலை கிடைத்துப் போனதும் அது வாசலில் நின்றுவிட்டது. சேவூரில் இருக்கும் என் அம்மாவை முழங்கால் வலிக்காக மாதம் இரண்டு முறை கோயம்புத்தூருக்கு அழைத்துப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் டாக்சிக்கு 2,800 ரூபாய் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, தூசி படிந்து நிற்கும் சொந்தக் காரைப் பார்ப்பேன். அப்படி ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் முடிவு செய்தேன்.

எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் உரிமம் எடுப்பதில் சிரமம் ஒன்றுமில்லை. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவரிடம் 1ஏ படிவத்தில் சான்று வாங்க வேண்டும். சாலைக் குறிகளைப் பற்றிய தேர்வைத் தமிழிலேயே எழுதினேன். அந்த உரிமம் ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்த பிறகு ஓட்டும் தேர்வுக்குப் போகலாம்.

முதல் பள்ளியில் 5,500 ரூபாய் கட்டினேன். காலை ஆறு மணிக்கு அனுப்பர்பாளையத்தில் ஏறிக்கொள்ள வேண்டும். பின் இருக்கையில் ஏற்கெனவே இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். முறை வைத்து ஆளாளுக்கு ஓட்டிக்கொண்டே திருமுருகன்பூண்டி தாண்டிப் போய்த் திரும்புவோம். கற்றுக்கொடுத்தவர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். முதல் நாளே என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டார். உயரம் பற்றாமல் நான் முன்னால் குனிந்ததைப் பார்த்து முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தார். "ஸ்டியரிங்கை மட்டும் பாருங்கள் அக்கா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். கார் ஓடியது. அவிநாசி சாலையில், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், நான் கார் ஓட்டினேன். ஐந்தாம் நாள் நான்காவது கியர் போட்டதும் அன்று மாலையே மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

பயிற்சிக் காரில் இடது பக்க இருக்கைக்கு முன்னால் கால் வைக்கும் இடத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். பயிற்சிப் பள்ளிகளின் கார்களில் அது இருந்தே ஆக வேண்டும் என்பது விதி, நல்ல விதி. அந்த இரண்டு பெடல்களும் நம் பெடல்களோடு கம்பியால் இணைக்கப்பட்டவை. அவர் மிதித்தால் நம் பக்கத்துப் பெடலும் சேர்ந்து கீழே இறங்கும். மூன்றாம் நாளிலிருந்தே எனக்கு அது உறுத்தியது. இருபது வருடம் காலால் வேலை செய்தவள் நான். நான் அழுத்தாமலே பெடல் பாதத்தை விட்டு நழுவிக் கீழே போவதும், நான் விடாமலே மேலே வருவதும் எனக்குத் தெரிந்தது. கேட்டேன். "பழகப் பழக வந்துவிடும் அக்கா" என்றார். 15-ஆம் நாள், "உங்களுக்கு நன்றாக வந்துவிட்டது, இனி உங்கள் காரை எடுக்கலாம்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு என் காரை எடுத்தேன். சாவியைத் திருப்பி, முதல் கியர் போட்டு, கிளட்சை விட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆனது. மறுபடியும் எடுத்தேன், மறுபடியும் ஆஃப். பதினோரு முறை. எங்கள் தெரு லேசான ஏற்றம். கடைசி முறை பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் கார் பின்னால் உருண்டு மின்கம்பத்தில் முட்டியது. பின்விளக்கு உடைந்தது. யாருக்கும் அடிபடவில்லை. சற்று முன்புதான் பக்கத்து வீட்டுக் குழந்தை அந்தக் கம்பத்தருகே சைக்கிளோடு நின்றிருந்தாள். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

விளக்குக்கு 1,900 ரூபாய் ஆனது. அதைவிட அந்தப் பதினைந்து நாள்தான் வலித்தது. நான்காவது கியர் வரை போனவளுக்கு முதல் கியரில் வண்டியை நகர்த்தத் தெரியவில்லை. கிளட்சும் பிரேக்கும் அத்தனை நாளும் அந்தத் தம்பியின் காலில் இருந்திருக்கின்றன. என்னிடம் இருந்தது ஸ்டியரிங் மட்டும். அது பொம்மைக் காரில் குழந்தை பிடித்திருப்பதைப் போன்றது. ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். நால்வரை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்து அனுப்ப வேண்டியவர். வண்டி ஆஃப் ஆகி ஆஃப் ஆகி நின்றால் பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிப்பார்கள், நேரம் போகும். அவர் மிதித்துவிட்டால் எல்லாம் சீராக நடக்கும். எனக்கு அங்கே கிடைக்காமல் போனது அந்த ஆஃப் ஆவதுதான்.

பின்விளக்கு மாற்றிய மெக்கானிக்தான் இரண்டாவது இடத்தைச் சொன்னார். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர், வேலம்பாளையம் பக்கம் மளிகைக் கடைக்கு மேல் ஒரு அறை, வெளியே ஒரு பழைய ஆல்டோ. கட்டணம் 7,500 ரூபாய். முதல் பள்ளியைவிட 2,000 அதிகம். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உங்கள் கால் இன்னும் வேலைக்கே போகவில்லை அம்மிணி, அவ்வளவுதான். அனுப்பிவிடலாம்" என்றார்.

அறைச் சுவரில் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 31-ஆவது விதியைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். சொந்த உபயோகத்துக்கான கார் பழகுபவர்களுக்குப் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, உண்மையில் ஓட்டும் நேரம் 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அங்கே நின்றபடியே கணக்குப் போட்டேன். முதல் பள்ளியில் என் முறை ஒரு நாளும் இருபது நிமிடத்தைத் தாண்டவில்லை. 15 நாளுக்கு 300 நிமிடம். ஐந்து மணி நேரம், அதுவும் அரை ஆளாக. இவர் 21 வகுப்பு, வகுப்புக்கு அரை மணி, காரில் நீங்களும் அவரும் மட்டும். பத்தரை மணி நேரம். அந்த 2,000 ரூபாய் எனக்கு அதற்கு மேல் பெரிதாகத் தெரியவில்லை.

முதல் நாள் காரில் ஏற்றவே இல்லை. மேசை மேல் இருந்த ஒரு தேய்ந்த கிளட்ச் பிளேட்டை என் கையில் கொடுத்தார். சாப்பாட்டுத் தட்டு அளவு, நடுவில் பல், ஓரம் சுற்றிலும் சொரசொரப்பு. இதுதான் இன்ஜினோடு ஒட்டிச் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிறது. பெடலை மிதித்தால் விலகும், விட்டால் ஒட்டும் என்று விளக்கத் தொடங்கினார். எனக்கு உடனே புரிந்தது. "இது எங்கள் பவர் மெஷின் மோட்டாரில் இருப்பதுதானே அண்ணா?" என்றேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சர்வோ மோட்டார் வருவதற்கு முன்பு கம்பெனிகளில் கிளட்ச் மோட்டார்தான். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உறுமத் தொடங்கிவிடும், ஆனால் ஊசி அசையாது. முன் பாதத்தால் பெடலை அழுத்தினால் உள்ளே தட்டு போய்ப் பிடிக்கும். பெல்ட் சுற்றி ஊசி ஓடும். ஒரேயடியாக அழுத்தினால் துணி பறந்துவிடும். டி-ஷர்ட்டின் கழுத்து ரிப் தைக்கும்போது பாதி அழுத்தித் தட்டை உரச விட்டு, ஒவ்வொரு தையலாக நகர்த்த வேண்டும். புதிதாக வரும் பெண்ணுக்கு அந்தப் பாதி அழுத்தல் வருவதற்கு ஒரு மாதம் ஆகும். எனக்கு அது தூக்கத்தில்கூட வரும்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு முழுக்கக் கேட்டார். எந்தக் கால், எவ்வளவு அழுத்தம், குதிகால் எங்கே இருக்கும் என்று கேள்வி மேல் கேள்வி. கடைசியில் சொன்னார்: "அப்படியென்றால் உங்களுக்கு ஹாஃப் கிளட்ச் ஏற்கெனவே தெரியும் அம்மிணி. திசைதான் மாறியிருக்கிறது. அங்கே மிதித்தால் பிடிக்கும். இங்கே விட்டால் பிடிக்கும்." இத்தனை நாள் எனக்குள் முட்டிக்கொண்டிருந்தது என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. வண்டியை நகர்த்த வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் என் கால் மெஷின் பழக்கத்தில் அழுத்தப் பார்த்திருக்கிறது; விட வேண்டிய இடத்தில் அது தடுமாறிச் சட்டென்று விட்டிருக்கிறது. பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் முதலில் அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். இருபது வயதுப் பையனின் கால் வெறுங்காலாக வரும். எங்கள் கால்கள் வேறு வேலை பார்த்துவிட்டு வருபவை.

மறுநாள் பெருமாநல்லூர் பக்கம் ஒரு மனைப்பிரிவுக்கு அழைத்துப் போனார். தார்ச்சாலை போட்டு, எல்லைக் கற்கள் நட்டு, ஒரு வீடுகூட எழும்பாத இடம். ஏறும் முன் என் செருப்பைப் பார்த்தார். விரலில் மாட்டும் செருப்பு. கழற்றிப் பின்னால் வைக்கச் சொன்னார். அடுத்த நாளிலிருந்து குதிகாலில் வார் உள்ள செருப்பு. கொசுவம் பாதத்தில் விழாமல் புடவையைக் கணுக்காலுக்கு மேல் இரண்டு அங்குலம் தூக்கிக் கட்டச் சொன்னார். இருக்கையை முன்னால் நகர்த்திக் கிளட்சை அடிவரை மிதிக்கச் சொல்லி, அப்போதும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்கிறதா என்று பார்த்தார். தலையணைக்குத் தேவையே வரவில்லை. முதல் பள்ளிக் காரில் இருக்கையை நகர்த்தும் கம்பி துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

முதல் இரண்டு வகுப்பிலும் ஆக்ஸிலேட்டரைத் தொட விடவில்லை. சமதளத்தில் கிளட்சை மெல்ல மெல்ல விட்டாலே பெட்ரோல் கார் தானாக ஊர்ந்து புறப்படும். பிடிக்கும் இடத்தில் இன்ஜின் சத்தம் சற்றுத் தாழும். காரின் மூக்கு லேசாக உயரும். பாதத்தில் ஓர் அதிர்வு தெரியும். அங்கே காலை நிறுத்து, இரண்டு வரை எண்ணு, பிறகு விடு. புறப்படு, நிறுத்து. புறப்படு, நிறுத்து. அந்த அரை மணியில் எத்தனை முறை ஆஃப் ஆனது என்று எனக்குக் கணக்கில்லை. ஹாரன் அடிக்க அங்கே யாருமில்லை. ஒவ்வொரு முறையும் அவர் கேட்டது ஒன்றுதான்: "ஏன் ஆஃப் ஆனது, சொல்லுங்கள்." நான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் சாவியைத் திருப்பலாம்.

இந்தப் பள்ளியின் தனிச்சிறப்பு என்று நான் நினைப்பது அவருடைய நோட்டு. நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு, ஆளுக்கு ஒன்று. வகுப்பின்போது தன் பக்கத்துப் பெடலை அவர் மிதிக்க நேர்ந்தால் உடனே வாய்விட்டு "என் கால்" என்பார். மறைக்க மாட்டார். வகுப்பு முடிந்ததும் தேதி போட்டு "என் கால்: 17" என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்குவார். முதல் ஓட்டத்தில் 17. அடுத்தடுத்து 12, 12, 9, 4. ஆறாவது ஓட்டத்தில் மனைப்பிரிவுக்குள் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரம். நோட்டில் "என் கால்: 0" என்று எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது. கம்பெனியில் முதன்முதலாக ஒரு முழு பீஸைத் திருத்தம் இல்லாமல் தைத்து செக்கிங்குக்கு அனுப்பிய நாளில் எனக்கு அப்படி இருந்தது.

சாலைக்கு வந்ததும் எண் மறுபடியும் ஏறியது: 6, 3, 3. சாலையில் அவர் சம்மணம் போடுவதில்லை. கால் எப்போதும் பெடலுக்கு மேல் தயாராக இருக்கும், ஆனால் தொடாது. 12-ஆம் வகுப்பில் ஒரே ஒரு முறை. ஒரு பேக்கரி வாசலிலிருந்து ஸ்கூட்டர் சட்டென்று சாலைக்குள் வந்தது. நான் அந்த நேரத்தில் கியரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கார் குலுங்கி நின்றது. "என் கால்" என்றார். ஓரமாக நிறுத்தச் சொல்லி வேப்பமர நிழலில் பத்து நிமிடம் பேசினார். திட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ரிவர்ஸ் என்று கியரை மாற்றச் சொன்னார், இன்ஜினை நிறுத்திவிட்டு, இருபது முறை. அதற்குப் பிறகு நான் கியரைப் பார்த்ததில்லை.

இடது பக்கச் சக்கரம் எங்கே இருக்கிறது என்பது எல்லாப் புதியவர்களுக்கும் வரும் சிக்கல். நாம் வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறோம்; இடது ஓரம் கண்ணுக்குத் தெரியாது. பயத்தில் நடுச்சாலைக்கே ஒதுங்கி ஓட்டுவோம். அதற்கு அவர் மூன்று காலித் தண்ணீர் பாட்டில்களைச் சாலையோரம் வரிசையாக நிறுத்தி, இடது முன்சக்கரத்தால் நசுக்கச் சொன்னார். முதல் முயற்சியில் இரண்டடி தள்ளிப் போனேன். தைக்கும்போது ஊசியைப் பார்க்கக் கூடாது என்று நாங்கள் புதுப் பெண்களுக்குச் சொல்வோம். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் ஓரத்தைத் துணியின் ஓரத்தோடு பொருத்திவிட்டால் தையல் தானாக நேராக விழும். அதுபோல ஏதாவது ஓர் அடையாளம் வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். சாலையின் இடது விளிம்பு பானட்டில் எந்த இடத்தைத் தொடுவதுபோல் தெரிகிறது என்று பார்த்துவைக்கச் சொன்னார். என் உயரத்துக்கு அது வைப்பர் கீழே வளையும் இடத்தில் விழுந்தது. நான்காம் முயற்சியில் மூன்று பாட்டிலும் நசுங்கின. சொந்தக் காரில் அந்த அடையாளம் வேறு இடத்தில் இருக்கும், தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்.

நகருக்குள் எடுத்தது காலை எட்டேகால் மணிக்கு. வேண்டுமென்றே அந்த நேரம். எட்டரை ஷிப்ட்டுக்குப் போகும் கூட்டம் முழுவதும் சாலையில் இருக்கும். கம்பெனி வேன்கள், இரண்டு பக்கமும் உரசிப் போகும் பைக்குகள், துணி மூட்டை ஏற்றிய ஆட்டோக்கள். புஷ்பா சந்திப்பிலிருந்து ரயில் நிலையத்தை ஒட்டிய மேம்பாலத்தில் ஏறும்போது வரிசை நின்றுவிட்டது. ஏற்றத்தில் நான். எனக்குப் பின்னால் ஒரு பஸ். மின்கம்பம் நினைவுக்கு வந்து கழுத்தெல்லாம் வியர்த்தது. அவர் குரல் மாறாமல் சொன்னார்: முன்னால் நிற்கும் வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவு தூரம் விட்டு நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். இப்போது காலுக்கு வேலை இல்லை, மூச்சு விடுங்கள். வரிசை நகர்ந்ததும் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர், கிளட்ச் பிடிக்கும் இடத்துக்கு வரட்டும், காரின் மூக்கு உயர்ந்ததும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். விட்டேன். கார் ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாமல் மேலே ஏறியது. அந்தப் பாலத்தில் அன்று நான்கு முறை நின்று நான்கு முறை எடுத்தேன். நோட்டில் 2. முதல் முறையும் இரண்டாம் முறையும் அவர் கால். அடுத்த இரண்டும் என்னுடையவை. 18-ஆம் வகுப்பிலிருந்து கடைசி வரை பூஜ்யம்.

குறைகளும் இருக்கின்றன. ஒரே ஆள் என்பதால் முகூர்த்த நாட்களில் திடீரென்று வகுப்பு ரத்தாகும். முந்தின இரவு பத்து மணிக்குத்தான் சொல்வார். 21 வகுப்பு முடிய எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது பெரிய தொல்லை. காரில் ஏசி வேலை செய்யாது. சித்திரை வெயிலில் பதினொரு மணி வகுப்பு மிகவும் கொடுமை. பணம் கட்டியதற்கு ரசீதை நானாக மூன்று முறை கேட்ட பிறகுதான் தந்தார். டயர் மாற்றுவது, டயருக்குக் காற்றழுத்தம் பார்ப்பது, பெட்ரோல் பங்கில் காரை எந்தப் பக்கமாக நிறுத்துவது, இதெல்லாம் அவருடைய பாடத்தில் இல்லை. கேட்டால் சொல்வார், கேட்கத் தெரியாதவர்களுக்கு அது கிடைக்காது. மாலை ஆறு மணிக்கு மேல் வகுப்பு எடுப்பதில்லை. எதிரே வரும் விளக்கு கண்ணில் அடிக்கும்போது எங்கே பார்ப்பது என்று கற்றுக்கொள்ளாமலே ஒருவர் லைசென்ஸ் வாங்கிவிடலாம். இது சின்னக் குறையில்லை, அவரிடமே சொல்லிவிட்டேன்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. மொத்தமாக லைசென்ஸ் வரை முடித்துத் தருகிறோம் என்று ஒரு தொகையைச் சொன்னால் பிரித்துக் கேளுங்கள். மத்திய விதிகளின்படி பழகுநர் உரிமத்துக்கு 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50, ஓட்டும் தேர்வுக்கு 300, உரிமத்துக்கு 200. இவற்றோடு சேவைக் கட்டணம் கொஞ்சம் சேரும். மீதியெல்லாம் பள்ளிக்குப் போவது. அந்த மீதிக்கு எத்தனை மணி நேரம் உங்கள் காலுக்குக் கிடைக்கும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காரில் உங்களோடு எத்தனை பேர் வருவார்கள், இருக்கை நகருமா, வண்டி ஆஃப் ஆனால் பரவாயில்லையா என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்பதை நன்றாகக் கவனியுங்கள்.

வகுப்புகள் முடிந்ததும் என் காரிலேயே இரண்டு வாரம் அண்ணன் மகனோடு பழகினேன். எல் போர்டை நானே வெட்டி ஒட்டினேன். 18 சென்டிமீட்டர் சதுர வெள்ளைப் பின்னணி, சிவப்பில் எல் எழுத்து, 10 சென்டிமீட்டர் உயரம், 2 சென்டிமீட்டர் தடிமன், அடியில் 9 சென்டிமீட்டர் அகலம். விதியில் உள்ள அளவு. ஆசிரியர் எழுதிக் கொடுத்தார். அளவு கொடுத்துவிட்டால் வெட்டுவது எனக்குப் பழகிய வேலை. அதே தெரு ஏற்றத்தில், அதே மின்கம்பத்துக்கு முன்னால், ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தி எடுத்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தையை அவளுடைய அம்மாவோடு திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன்.

தேர்வில் நேராகப் போகச் சொன்னார்கள், மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள், பின்னோக்கி வரச் சொன்னார்கள். மூன்றும் செய்தேன். என் வயதுக்கு உரிமம் பத்து ஆண்டு செல்லும்.

இந்த மாதம் இரண்டு முறையும் அம்மாவை நானே கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய்வந்தேன். அவிநாசியிலிருந்து நெடுஞ்சாலையில் இடது தடத்தை விடாமல் அறுபதில் போனேன். அம்மா முதல் பத்து கிலோமீட்டர் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கருமத்தம்பட்டி தாண்டியதும் தூங்கிவிட்டார். திரும்பும்போது இருட்டிவிடக் கூடாது என்பதற்காக மருத்துவரிடம் காலையிலேயே நேரம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

அதனால்தான் ஐப்பசி மழை தொடங்கும் முன் இரவு வகுப்பு இரண்டு வேண்டும் என்று ஆசிரியரிடம் விடாமல் கேட்டேன். சென்ற வாரம் ஒப்புக்கொண்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, இரவு ஏழு மணி, வகுப்புக்கு 500 ரூபாய், என் காரில். என் காரில் அவர் பக்கம் பெடல் கிடையாது.